முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்தால் முதல் நாள் நாம் என்ன செய்வது? பயிற்சி எங்கே எடுப்பது?

பாலமீன்மடு_கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பில் பாலமீன்மடுப் பக்கம், வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தடி, வெளிச்சவீட்டுக்குக் கிட்ட. எங்கள் இளைஞர் கழகத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறோம், பாதிப் பேர் மீன்பிடிக் குடும்பம். போன கூட்டத்தில் நியூ டயமண்ட் கப்பலைப் பற்றிப் பேச்சு வந்தது. 2020 செப்டம்பர் 3, நம் கிழக்குக் கரையில் சங்கமன்கண்டிக்கு வெளியே 38 கடல் மைல் தூரத்தில் எரிந்த அதே கப்பல்தான். குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் கொண்டு போனது. எஞ்சின் அறையில் வெடித்து ஒரு பிலிப்பைன்ஸ் மாலுமி இறந்துபோனார். தீ மசகு எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பரவவில்லை, கப்பலின் சொந்த எரிபொருள் மட்டும்தான் கொஞ்சம் கடலில் கலந்தது. நாங்கள் தப்பினோம், அவ்வளவுதான்.

கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டான், அது உடைந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்று. ஒருவரிடமும் பதில் இல்லை. 2017 ஜனவரியில் சென்னை எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரைக்கு வந்தபோது பொடியன்கள் வாளியால் அள்ளிய படங்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. நாங்களும் வாளியோடு ஓடுவதா, அல்லது இதற்கென்று ஒரு படிப்பு, பயிற்சி இருக்கிறதா? சாதாரண ஆட்கள் அதில் சேர முடியுமா? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள். வாவி எங்களுக்குச் சோறு, அதனால்தான் கேட்கிறேன்.

மருதமுனை_மாலுமி எழுதியது:

தம்பி, இதைக் கேட்க ஒரு ஆள் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். நான் எண்ணெய்க் கப்பலில் பல வருடம் இருந்துவிட்டுப் பிறகு வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கசிவுத் தடுப்புக் குழுவில் வேலை செய்தவன். இப்போது ஊரோடு.

முதலில் வாளியை மறந்துவிடுங்கள். வாளி கடைசியில் வரும் சாமான். முதல் நாள் வேலை எண்ணெயை அள்ளுவது இல்லை, அது எங்கே போகக்கூடாது என்று தீர்மானிப்பது. உங்களுக்கு அது முகத்துவாரம். கடற்கரை மணலில் எண்ணெய் படிந்தால் கஷ்டம்தான், ஆனாலும் மணலை வாரி எடுக்கலாம். வாவிக்குள் போய்க் கண்ணாக் காட்டுக்குள்ளும் (கண்டல் என்பதும் அதுதான்) சேற்றுக்குள்ளும் ஏறினால் அதை எடுக்க உலகத்தில் ஒரு இயந்திரமும் இல்லை.

எண்ணெயை மறிக்கிறது பூம். மேலே மிதவை, கீழே தண்ணீருக்குள் தொங்குகிற சீலை, அதன் அடியில் பாரத்துக்குச் சங்கிலி. பார்க்க இலகுவாக இருக்கும். நாங்கள் அந்தத் துறைமுகத்தில் ஒரு தடவை, ராத்திரி ஒரு மணி இருக்கும், குழாய் இணைப்பு விட்டுப் பங்கர் எண்ணெய், அதாவது கப்பலுக்கு ஊற்றுகிற எரிபொருள், கடலுக்குப் போய்விட்டது. அவசரத்தில் பூமை நீரோட்டத்துக்குக் குறுக்கே நேராக, கயிறு கட்டினாற்போல் இழுத்துக் கட்டினோம். கட்டிவிட்டு ஆறுதலாக மூச்சுவிட்டோம். பிறகு நான் டோர்ச்சைப் பின்பக்கம் அடித்துப் பார்த்தேன், மிளகளவு கறுப்பு உருண்டைகள் பூமுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக மேலே வந்து விரிகின்றன. எண்ணெய் பூமின் முன்னால் நின்றதுபோல் இருந்தது, அடியால் போய்க்கொண்டிருந்தது. விடியும்போது பாதி போய்விட்டது.

காரணம் வேகம். நீரோட்டம் செக்கனுக்கு 35 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதாவது 0.7 நொட் (மணிக்கு 0.7 கடல் மைல்), குறுக்கே கட்டிய பூமில் எண்ணெய் நிற்காது, அடியில் பிய்ந்து போகும். விலை கூடிய பூம் வாங்கினாலும் இதேதான். அதனால் சரிவாகக் கட்ட வேண்டும். ஓட்டம் 70 சென்டிமீட்டர் என்றால் ஓட்டத்தின் திசைக்கு 30 பாகை சரிவில், ஒரு மீட்டர் என்றால் 20 பாகை அளவில். அப்போது எண்ணெய் பூமை உரசிக்கொண்டு ஓட்டம் குறைந்த ஒரு கரைப் பக்கமாக நகரும். அங்கேதான் ஸ்கிம்மரை, அதாவது மேலே மிதக்கிற எண்ணெயை அள்ளுகிற கருவியை, வைத்து எடுக்கிறது. பயிற்சி என்பது பெரும்பாலும் இதுதான், உங்கள் முகத்துவாரத்தில் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு எத்தனை மீட்டர் பூம், நங்கூரம் எங்கே, எந்தக் கரைக்குத் திருப்புவது என்று முதலே தெரிந்திருப்பது. எண்ணெய் வந்த பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

இன்னொன்று. கடலில் இரண்டு மூன்று நாள் அடிபட்ட மசகு எண்ணெய் நீங்கள் நினைக்கிற எண்ணெய் மாதிரி இருக்காது. அலை அடிக்க அடிக்கத் தண்ணீரைக் குடித்து வட்டிலப்பம் போலத் தடித்துப் பழுப்பாகிவிடும், அளவும் மூன்று நான்கு மடங்காகும். அதை உறிஞ்சுகிற பம்பு எல்லாப் பம்பும் இல்லை. டீசல் என்றால் அதற்குள் பெரும்பகுதி ஆவியாகிவிடும். ஆகவே எந்த எண்ணெய் என்று கேட்காமல் ஒரு வேலையும் தொடங்கக் கூடாது.

பயிற்சி பற்றிக் கொஞ்சம் பிறகு எழுதுகிறேன், தொழுகைக்கு நேரமாகிறது.

வந்தாறுமூலை_ஆய்வு எழுதியது:

மாலுமி அண்ணன் சொன்ன கண்ணாக் காட்டு விஷயத்தில் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு போகிறவர்கள் அதிகம் கெடுப்பது அங்கேதான்.

கண்ணா மரம் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேரால் மூச்சு விடுகிறது. எண்ணெய் அந்த வேரில் பூசிக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். அது எல்லோருக்கும் விளங்கும். விளங்காதது, துடைக்கப் போகிற நூறு பேருடைய கால் செய்கிற வேலை. ஒவ்வொரு மிதியும் மேலே கிடந்த எண்ணெயைச் சேற்றுக்குள் ஒரு முழம் அமுக்கிவிடுகிறது. கீழே காற்று இல்லை, எண்ணெயைத் தின்கிற பக்டீரியாவுக்கு அங்கே வேலை நடக்காது. அது அப்படியே இருந்து வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். 1986இல் பனாமாவில் கரையிலிருந்த எண்ணெய்த் தாங்கி உடைந்து கண்டல் காட்டுக்குள் எண்ணெய் போனது, பக்கத்திலேயே ஸ்மித்சோனியன் ஆய்வு நிலையம் இருந்ததால் விஞ்ஞானிகள் தொடர்ந்து அளந்துகொண்டே இருந்தார்கள். ஐந்து வருடம் கழித்தும் அந்தச் சேற்றிலிருந்து எண்ணெய் வந்தது.

சுத்தம் செய்வதே சேதமாகும் என்பதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது. 1967இல் இங்கிலாந்துக் கரையில் டொரி கனியன் உடைந்தபோது கொட்டிய சோப்பு இரசாயனம் எண்ணெயைவிட அதிகம் உயிர்களைக் கொன்றது. 1989 மார்ச்சில் அலாஸ்காவில் எக்சன் வால்டீஸ் 37,000 தொன் அளவு கொட்டியது, நியூ டயமண்டில் இருந்தது அதைப்போல் ஏழு மடங்கு என்பதை யோசித்துப் பாருங்கள். அங்கே சுடுநீரை உயர் அழுத்தத்தில் அடித்துப் பாறைகளைக் கழுவினார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பிறகு நடந்த ஆய்வில், கழுவிய கரையில் மட்டியும் கடற்பாசியும் திரும்பி வர, கழுவாமல் விட்ட கரையைவிடக் கூடுதல் காலம் எடுத்தது தெரிந்தது. அந்தச் சுடுநீரில் உயிர் பிழைக்குமா?

அதனால் இன்று இந்த ஆய்வுகள் தனித் துறையாகவே நடக்கின்றன. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ஓம்செட் என்று 203 மீட்டர் நீளத்தில் ஒரு உப்புநீர்த் தொட்டி இருக்கிறது, செயற்கை அலை எழுப்பி உண்மையான எண்ணெயை ஊற்றிப் பூம், ஸ்கிம்மர் எல்லாவற்றையும் சோதிப்பார்கள். பிரான்சில் 1978இல் அமோகோ காடிஸ் எண்ணெய்க் கப்பல் உடைந்து அந்த நாட்டின் பிரெட்டனி (Brittany) கரை நாசமான பிறகு பிரெஸ்ட் நகரில் செத்ர் என்ற நிலையத்தை அமைத்தார்கள், அங்கே செயற்கைக் கடற்கரையே கட்டிப் பயிற்சி கொடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் நம் கரைக்குப் பொருந்துகிறதை நாமே சோதிக்கலாம்.

எடுத்துக்காட்டாக இலவம்பஞ்சு. நான் வீட்டில் ஒரு பேசினில் தண்ணீர் ஊற்றி, மோட்டார்சைக்கிள் கழிவு எண்ணெய் இரண்டு கரண்டி விட்டு, பழைய தலையணையிலிருந்து ஒரு பிடி பஞ்சு எடுத்துப் போட்டேன். பஞ்சு தாழவில்லை. எண்ணெய் நாலா பக்கமும் இருந்து பஞ்சை நோக்கி இழுபட்டு வந்தது, வெள்ளைப் பஞ்சு அடியிலிருந்து கறுத்துக்கொண்டு ஏறியது. எடுத்துப் பிழிந்தால் எண்ணெய்தான் வந்தது, தண்ணீர் வெகு கொஞ்சம். அந்த நாரின் மேல் இயற்கையிலேயே மெழுகு இருப்பதால் தண்ணீரைத் தள்ளிவிடுகிறது, தன் எடையைப் போல் முப்பது மடங்குக்கு மேல் எண்ணெய் பிடிக்கும் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது. தென்னந்தும்பும் போட்டுப் பார்த்தேன், அது தண்ணீரையும் சேர்த்துக் குடித்துப் பாரமாகிவிட்டது. ஆனால் பஞ்சை அப்படியே வாவியில் தூவிவிடாதீர்கள், பிறகு எண்ணெய் ஊறிய பஞ்சைப் பொறுக்குவது இன்னொரு அனர்த்தம். பழைய வலையில் குழாய் போலத் தைத்து அடைத்துக் கயிற்றில் கட்ட வேண்டும். 2020இல் மொரிசியசில் வகாஷியோ கப்பல் பவளப் பாறையில் ஏறிக் கசிந்தபோது அந்த மக்கள் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து இப்படித்தான் மிதவை செய்தார்கள்.

கோமாரி_கரைவலை எழுதியது:

மனே, என் மகன்தான் இதை எழுதித் தருகிறான், நான் சொல்லச் சொல்ல. படித்தவர்கள் சொன்னது எல்லாம் சரி. காற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அந்தக் கப்பல் எரிந்தது செப்டம்பரில். அப்போது கச்சான் காலம், காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். நாங்கள் தப்பினதுக்கு அதுவும் ஒரு காரணம். வாடை பெயர்ந்த பிறகு, மார்கழியில் இது நடந்திருந்தால் கதை வேறு. வாடைக்குக் கடலில் மிதக்கிற எதுவும் கரைக்குத்தான் வரும். எங்கோ வெளிநாட்டுப் போத்தல், மிதவை, மூங்கில் எல்லாம் அந்த மாதங்களில்தான் எங்கள் வாடிக்கு முன்னால் கிடக்கும்.

மகன் சொல்கிறான், எண்ணெய் காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு வேகத்தில் நகருமாம், அதோடு நீரோட்டம் முழுசாகச் சேருமாம். 20 நொட் வாடை என்றால் மணிக்கு 0.6 கடல் மைல், ஒரு நாளைக்குப் பதினாலு. 38 மைலுக்கு இரண்டரை நாள், காற்று நேரே கரைக்கு அடித்தால். எண்ணெயைக் கண்ட பிறகு கூட்டம் கூட நேரம் இல்லை என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

முகத்துவாரம் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. கோடையில் மணல் சேர்ந்து தானாக அடைபடும், மழை வெள்ளத்துக்கு வெட்டித் திறப்பார்கள். அடைபட்டு இருந்தால் அதைவிட நல்ல பூம் கிடையாது. திறந்திருக்கிற மாரியில்தான் வாடையும் அடிக்கும். பெரியகல்லாறு ஆற்றுவாயையும் மறக்காதே, வாவிக்கு வாசல் இரண்டு.

மற்றது நட்டஈடு. ஒரு வெள்ளத்துக்கு வலை, தோணி எல்லாம் போய் ஒரு அலுவலகத்துக்கு அலைந்தேன். எவ்வளவு மீன் வழமையாகப் பிடிப்பாய், கணக்கு எங்கே என்றார்கள். நாற்பது வருடம் கடலுக்குப் போகிறவன், ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வெறுங்கையோடு வந்தேன். இப்போது மகன் ஒவ்வொரு நாளும் கொப்பியில் எழுதுகிறான், என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலைக்குப் போனது. உங்கள் கழகம் வேறு ஒன்றும் செய்யாவிட்டாலும் ஊரில் எல்லாரையும் கொப்பி எழுத வையுங்கள்.

மருதமுனை_மாலுமி எழுதியது:

காக்கா சொன்ன கொப்பி தங்கமான யோசனை. எண்ணெய்க் கப்பலில் இருந்து மசகு எண்ணெய் கொட்டினால் நட்டஈட்டுக்கு 1992ஆம் ஆண்டுச் சர்வதேச நிதியம் ஒன்று இருக்கிறது, இலங்கையும் அதில் உறுப்பு நாடு. மீனவருடைய வருமான இழப்பையும் அதில் கேட்கலாம், ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒரு சதம் வராது. சேதம் நடந்து மூன்று வருடத்துக்குள் கேட்க வேண்டும். 2021இல் கொழும்புக்கு வெளியே தாழ்ந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கொள்கலன் கப்பல் என்பதால் அது இந்த நிதியத்துக்குள் வராது, அதையும் தெரிந்து வைத்திருங்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். சர்வதேச கடல்சார் அமைப்பு, எண்ணெய் மாசுக்குத் தயாராவது பற்றிய 1990 உடன்படிக்கையை வைத்து மாதிரிப் பாடநெறி வகுத்திருக்கிறது. முதலாம் நிலை கையால் வேலை செய்கிறவர்களுக்கு, பூம் இழுப்பது, கரை துப்புரவு, பாதுகாப்பு. இரண்டாம் நிலை களத்தில் மேற்பார்வை செய்கிறவருக்கு. மூன்றாம் நிலை முடிவெடுக்கிற பெரிய அதிகாரிகளுக்கு. நான் முதல் இரண்டும் செய்தேன். உங்களுக்கு முதலாம் நிலையின் கரைப் பகுதி போதும். இங்கே பொறுப்பு 2008ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபைக்கு, மெபா என்பார்களே, அவர்கள். அவர்களுக்கும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கிற அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் கழகத்தின் பெயரில் கடிதம் எழுதுங்கள். எங்களுக்குப் பயிற்சி தாருங்கள் என்று மட்டும் எழுதினால் கடிதம் கோப்புக்குள் போய்விடும். எங்களிடம் இத்தனை பேர், இத்தனை தோணி, முகத்துவாரத்தின் நீரோட்ட அளவு இது, வாகனம் இறங்கக்கூடிய பாதை இது என்று ஒரு கைவரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அதைப் பார்க்கிற ஒரு அதிகாரி கட்டாயம் திரும்பக் கூப்பிடுவார், ஏனென்றால் அந்தத் தகவல் அவருக்கும் தேவை.

லண்டனில் ஐடொப் என்று ஒரு அமைப்பு, உலகத்தில் எங்கே கப்பல் எண்ணெய் கொட்டினாலும் ஆலோசனை சொல்லப் போகிறவர்கள். அவர்களுடைய தொழில்நுட்பக் கைநூல்கள் இணையத்தில் இலவசம். ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் நான் காணவில்லை. யாராவது கரை துப்புரவு நூலைத் தமிழில் சுருக்கி எழுதினால் நான் சரிபார்த்துத் தருகிறேன், இது வாக்கு.

பாலமீன்மடு_கரை எழுதியது:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தமிழில் சுருக்குகிற வேலையை எங்கள் கழகம் எடுக்கிறது அண்ணன், இரண்டு பேர் இங்கிலிஷ் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறார்கள். இரண்டு கேள்வி. பெண்பிள்ளைகளும் வர விரும்புகிறார்கள், உடம்புக்கு ஆபத்து இருக்கிறதா? பூம் இல்லாத எங்களால் முதல் நாள் உண்மையிலேயே செய்யக்கூடிய ஒரு வேலை எது?

கல்முனை_தாதி எழுதியது:

உடம்பு விஷயத்தை நான் சொல்கிறேன். புதிதாகக் கொட்டிய மசகு எண்ணெயிலிருந்து பென்சீன் போன்ற ஆவி வரும், தலையிடி, வாந்தி, மயக்கம் வரும், ஆண் பெண் வித்தியாசம் இல்லை. ஆவி அடங்கிவிட்டது என்று அளந்து பார்த்தவர் சொல்லும்வரை கிட்டப் போகவே கூடாது. போனாலும் காற்று முதுகில் படும்படி நிற்க வேண்டும். கர்ப்பிணிகள், சிறுபிள்ளைகள், மூச்சிழுப்பு உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் பாவிக்கிற மெல்லிய லேட்டெக்ஸ் கையுறை எண்ணெயில் ஊதிக் கிழிந்துவிடும், நைட்ரைல் கையுறை வேண்டும்.

தயவுசெய்து பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கையைக் கழுவாதீர்கள். எஞ்சின் வேலை செய்கிற தம்பிமார் அப்படிக் கழுவி, விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்து கிளினிக்குக்கு வருவதை நான் எப்போதும் காண்கிறேன். தேங்காயெண்ணெய் போட்டு உருட்டித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டால் போகும். அதோடு நம் வெயில். முழு உடை, சப்பாத்து, கையுறையோடு நம் பங்குனி வெயிலில் நின்றால் எண்ணெயைவிட முதலில் வெயில்தான் ஆளை விழுத்தும். நிழலும் தண்ணீரும் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வந்தாறுமூலை_ஆய்வு எழுதியது:

முதல் நாள் வேலைக்கு என் பதில்: எண்ணெய் வந்து சேர்வதற்கு முன் கரையைத் துப்புரவு செய்யுங்கள். வெள்ளத்துக்கு முகத்துவாரம் வெட்டினால் ஆற்றுவாழை எவ்வளவு கரையில் ஒதுங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதோடு பொலித்தீன், கட்டை, பழைய வலை. எண்ணெய் படுமுன் அது வெறும் குப்பை, யாரும் அள்ளலாம். எண்ணெய் பட்ட பிறகு அதுவே நச்சுக் கழிவு, வைக்க இடம் இருக்காது. கவனிக்காமல் வேலை செய்த இடங்களில் கொட்டிய எண்ணெயைப் போல் முப்பது மடங்கு வரை கழிவு சேர்ந்திருக்கிறது. மணலை எடுக்க வேண்டி வந்தாலும் மண்வெட்டியால் மேல்படையை மெல்லியதாகச் சீவ வேண்டும், பெக்கோ இயந்திரத்தை இறக்கினால் எண்ணெயை மணலோடு கலந்துவிடும். எடுத்ததைக் கடல் ஏறாத மேட்டில் தடித்த பொலித்தீன் விரித்துத்தான் வைக்க வேண்டும், நம் கிணற்று நீர் மணலுக்குக் கீழே கொஞ்ச ஆழத்தில்தான் இருக்கிறது.

எண்ணெயைச் சிறு துளிகளாகப் பிரித்துத் தண்ணீரில் கலக்கிற டிஸ்பர்சன்ட் என்ற மருந்தை யாராவது வாவிக்குள் அடிக்க வந்தால் மறித்துக் கேள்வி கேளுங்கள். ஆழக் கடலில் அதற்கு இடம் உண்டு, நியூ டயமண்டின் கசிவுக்கு இந்தியக் கரையோரக் காவற்படை விமானத்திலிருந்து அதைத் தூவியது. இறால் குஞ்சு வளர்கிற ஆழமில்லாத வாவியில் அது கூடாது.

பாலமீன்மடு_கரை எழுதியது:

சரி, தொடங்குகிறோம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு முகத்துவாரத்தில் நீரோட்டம் அளக்கப் போகிறோம். மாலுமி அண்ணன் தனிச்செய்தியில் சொல்லித் தந்த முறை: கரையில் பத்து மீட்டர் தூரத்துக்கு இரண்டு கம்பு நட்டு, ஓட்டம் வருகிற பக்கத்தில் தோடம்பழம் போட்டு, முதல் கம்பிலிருந்து இரண்டாவது கம்புக்கு வர எத்தனை செக்கன் என்று பார்ப்பது. 28 செக்கனுக்குள் வந்தால் நேராகக் கட்டும் பூம் நிற்காது. பழம் பாதி தாழ்ந்து மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாதாம். நடுவிலும் இரண்டு கரைப் பக்கத்திலும் போட்டுப் பார்ப்போம்.

கோமாரி_கரைவலை எழுதியது:

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்துவிட்டு அதுதான் ஓட்டம் என்று எழுதிவிடாதே மனே. பறுவத்துக்கும் அமாவாசைக்கும் இழுவை கூட. கடல் ஏறும்போது ஒரு தரம், வற்றும்போது ஒரு தரம் பார். பிறகு மாரியில், வெட்டித் திறந்த பிறகு, வெள்ளம் ஓடி முடிந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்குகிற நாளில் திரும்பப் போ. எண்ணெய் உள்ளே போனால் அந்த ஏற்றத்தில்தான் போகும். ஆழத்தையும் கம்பு விட்டுப் பார், மணல் மேடு போன மாதம் இருந்த இடத்தில் இந்த மாதம் இருக்காது.

பாலமீன்மடு_கரை எழுதியது:

ஐயா, அப்படியே செய்கிறோம். பறுவத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, ஞாயிறு ஒன்று, பறுவத்தன்று ஒன்று என்று இரண்டு தடவை போகிறோம், கடல் ஏறும்போதும் வற்றும்போதும். கல்லாற்றுப் பக்கம் இருக்கிற யாராவது இதைப் பார்த்தால் அதே நாளில் உங்கள் ஆற்றுவாயிலும் அளந்து இங்கேயே போடுங்கள். எங்களிடம் நாற்பது மீட்டர்க் கயிறுதான் இருக்கிறது, அக்கரைக்கு எட்டாது. வாவியில் தோணி வைத்திருக்கிற ஒருவர் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலம் வர முடியுமா?